கப்டன் இரண்டு தரம் வாங்கிக் குடித்த கூழ்

தேத்தண்ணிக்கடைக்காரனுக்கென்று ஒரு நோய் உண்டு. எதிரே இருப்பவரின் முகம் மலர்ந்தால், அது தன் தேத்தண்ணியால்தான் என்று உடனே நம்பிவிடுவான். அவருக்கு வீட்டிலிருந்து நல்ல சேதி வந்திருக்கலாம், முழங்கால் வலி குறைந்திருக்கலாம். அதெல்லாம் கடைக்காரனுக்குத் தோன்றாது. மருதனார்மடச் சந்தியில் நான் ஒரு சைவக்கடை நடத்தினேன். அக்கரையிலிருந்து வந்த இந்தியப் பட்டாளம் எங்கள் சந்தியில் காம்ப் போட்டிருந்த காலத்தில் இந்த நோய் எனக்கு முற்றிவிட்டது.

கீழே எழுதியிருப்பவற்றில் பெரும்பாலானவை நான் கண்ணால் கண்டவை. ஒன்றை மட்டும், அதுவும் எல்லாவற்றிலும் பெரியதை, என் கடையில் பலகாரம் போட்ட தங்கராசா அண்ணையின் வாயால்தான் கேட்டேன். அதை எத்தனையோ பேருக்கு நானும் சொன்னேன். சொல்லிக்கொண்டே ஏழு வருடம் சந்தேகப்பட்டேன். கடைசியில் அவரிடமே கேட்டும்விட்டேன். அவர் சொன்ன பதிலையும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. ஆகவே அதை இங்கே எழுதவில்லை. வீட்டுக்கு வந்தவருக்கு விருந்து வைத்துவிட்டு, அவர் ஏன் சிரித்தார், ஏன் சிரிக்காமல் போனார் என்று தெரியாமல் விழித்தவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். அவர்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

உள்ளங்கையில் பனங்கட்டி

காம்ப் போட்ட மூன்றாம் நாள் ஐந்து பேர் கடைக்குள் வந்தார்கள். துவக்குகளைச் சுவரில் சாத்திவிட்டு நீட்டு வாங்கில் வரிசையாக இருந்தார்கள். ஒருவன் செல்வம், திருநெல்வேலிப் பக்கத்து ஆள். நல்ல வேளையாகத் தமிழ். மற்ற நால்வரும் வடக்கர். அவர்களுக்குத் தலைவர் போலிருந்த பெரிய மீசைக்காரரை ஹவில்தார் என்று செல்வம் அறிமுகப்படுத்தினான். அன்றைக்குக் கடையில் பால் இல்லை. வெறுந்தேத்தண்ணி ஊற்றி, எங்கள் வழக்கப்படி ஆளுக்கொரு துண்டு பனங்கட்டியை உள்ளங்கையில் வைத்தேன். பனங்கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டு தேத்தண்ணியை உறிஞ்ச வேண்டும். இதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. இதையெல்லாம் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிவரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஹவில்தார் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். பனங்கட்டியை இரண்டு கண்ணிலும் ஒற்றி, நெற்றியில் வைத்து, பிறகு முழுதாக வாயில் போட்டு மென்று விழுங்கினார். மற்றவர்களும் எழுந்து அப்படியே செய்தார்கள். செல்வம் அவர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு அவனும் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதன் பின்னர் இனிப்பில்லாத தேத்தண்ணியை ஐந்து பேரும் முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பாடுபட்டுக் குடித்தார்கள். நான் என்ன பிழை செய்தேன் என்று யோசித்துக்கொண்டு நின்றபோது ஹவில்தார் செல்வத்தின் காதில் ஏதோ சொன்னார். செல்வம் கூச்சத்தோடு என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, இது எந்தச் சாமி பிரசாதம்னு கேக்குறாரு. சொன்னா அங்க போய்க் கும்புட்டுட்டே காம்புக்குப் போவாராம்."

ஆட்டா மா

அதற்குப் பிறகு ஹவில்தார் அடிக்கடி வந்தார். ஒருநாள் ஒரு பையில் ஆட்டா மாவைக் கொண்டுவந்து, எங்கள் அடுப்பையும் தட்டையான கல்லையும் கையால் காட்டினார். தானே குழைத்து, தானே தட்டிச் சப்பாத்தி சுட்டார். தன் அடுப்பில் இன்னொருவர் நிற்பதைத் தங்கராசா அண்ணையால் பொறுக்க முடியவில்லை. அதே மாவில் ஒரு பிடி எடுத்தார். தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுத் தடித்த ரொட்டியாகச் சுட்டு, செத்தல் மிளகாய்ச் சம்பலோடு ஹவில்தாரிடம் நீட்டினார். ஹவில்தாருக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணி ஓடியது. அழுதுகொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே இன்னொன்று கேட்டார். அண்ணை சப்பாத்தியைத் தின்றுவிட்டு, "பள்ளிக்கூடக் கொப்பித் தாள் மாதிரிக் கிடக்கு," என்று தமிழில் பாராட்டினார். இருவரும் ஒருவர் தோளில் மற்றவர் தட்டிக்கொண்டார்கள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெரியவர்கள் மேசை போட்டுப் பேசியும் நடக்காதது என் அடுப்படியில் நடக்கிறது என்று நினைத்தேன். சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோகும் கமக்காரர் ஒருவர் மூலையில் இருந்து வடை தின்றுகொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு என்னருகே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, உந்த மீசைக்காரனுக்கு எங்களைப் பிடிச்சிருக்கோ, சம்பலைப் பிடிச்சிருக்கோ? வடிவாப் பாத்துச் சொல்லும்."

முதல் தேத்தண்ணி

அந்தக் கிழமையே இன்னொருவர் வந்தார். எனக்குத் தெரியாத முகம், இயக்கத்து ஆள் என்று மட்டும் விளங்கியது. சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை என் கடைப் படியில் ஊன்றிக்கொண்டு நின்றார். தேத்தண்ணி கேட்பார் என்று கிளாஸை எடுத்தேன். அவர் வேண்டாமென்று தலையாட்டினார். உள்ளே வாங்குகளைப் பார்த்தார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அண்ணை, உங்கடை கடையிலை இப்ப முதல் தேத்தண்ணி ஆருக்கு?"

கப்டன் உட்காரவில்லை

கப்டன் எங்கள் கடைக்கு ஒரேயொரு தரம்தான் வந்தார். மெலிந்த மனிதர், கண்ணாடி போட்டவர். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை. சூடாக வடை வைத்தேன், தொடவில்லை. ஒரு கிளாஸ் தண்ணி மட்டும் வாங்கிக் குடித்தார். அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமையாக இருந்தால் விரதமாக்கும் என்று எனக்கே தோன்றியிருக்கும். எங்களில் ஒருவர் வீடு தேடி வந்து வாயில் ஒன்றும் வைக்காமல் போனால், அவர் மனதில் ஏதோ இருக்கிறது என்றுதான் நினைப்போம். அதைத்தான் நானும் நினைத்தேன். சைவக்கடைச் சாப்பாடு பட்டாளத்து அதிகாரிக்கு மட்டமாகத் தெரிகிறதோ என்றும் நினைத்தேன்.

போகும்போது அவர் செல்வத்தின் மூலம் ஒரு கேள்வி கேட்டார்: உங்கள் ஆட்களுக்கென்றே உள்ள சாப்பாடு எது? நான் வாயைத் திறக்குமுன் தங்கராசா அண்ணை முன்னுக்கு வந்துவிட்டார். ஒடியல் கூழை அவர் வாயால் மட்டும் சொல்லவில்லை. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவைக் கையால் கரைத்துக் காட்டினார். இரண்டு கைவிரல்களையும் மடக்கி நண்டு நடப்பதைக் காட்டினார். மீன்தலை கொதிக்கிற சத்தத்தை வாயால் போட்டார். கப்டன் கண்ணாடிக்குள்ளால் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சிரித்து ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனார். என்ன சொன்னார் என்று செல்வத்திடம் கேட்டேன்.

"இவ்வளவு ஆசையா ஒரு மனுஷன் சாப்பாட்டப் பத்திப் பேசி நான் பாத்ததில்லைங்கிறார் அண்ணாச்சி."

சைவக்கடையில் நண்டு

இரண்டு கிழமைக்குள் சந்தியில் சுற்றிவளைப்பு நடந்தது. பதினொரு பேரைக் காம்புக்குக் கொண்டுபோனார்கள். அதில் தங்கராசா அண்ணையும் ஒருவர். மறுநாள் காலை அவருடைய மனிசி வந்து என் கடை வாசலில் இருந்தா. அவவைப் பார்த்துக்கொண்டு என்னால் தேத்தண்ணி ஊற்ற முடியவில்லை.

என்னிடம் இருந்ததெல்லாம் கப்டனின் அந்தச் சிரிப்புத்தான். கூழைப் பற்றிக் கேட்டுச் சிரித்தவர். அப்போது கூழையே கொடுத்தால் என்ன? சைவமாகவும் வைத்திருக்கலாம். ஆனால் வடையைத் தொடாத மனிதருக்கு மரக்கறி கொடுத்தால் மதிப்பாக இராது என்று என் மூளை சொன்னது. கடை தொடங்கிய நாளிலிருந்து கருவாடுகூட உள்ளே வராத சைவக்கடை அது. பின்பக்கத்தில் மூன்று கல்லை வைத்து, புதுச்சட்டியில் நண்டும் இறாலும் மீன்தலையும் கொதிக்கவிட்டேன். ஒடியல் மாவை ஊறப்போட்டுக் கசப்பை வடித்துக் கரைத்துவிட்டேன். பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, அரைத்த மிளகாய், புளி. மணம் சந்தி வரைக்கும் போயிற்று. என்னுடைய பழைய வாடிக்கையாளர் மூன்று பேர் அன்றோடு நின்றுவிட்டார்கள்.

மத்தியானம் சாப்பாட்டுக் கரியரில் ஊற்றிக்கொண்டுபோய்க் காம்ப் வாசலில் காவல் நின்றவனிடம் கொடுத்தேன். "கப்டன், கப்டன்," என்று மட்டும் சொன்னேன். எதிரே வேப்பமரத்தின் கீழ் இருந்தேன். பின்னேரம் நாலு மணியிருக்கும், தங்கராசா அண்ணை வெளியே வந்தார். கரியர் அவர் கையில் இருந்தது. வெறுமையாக, கழுவப்பட்டு இருந்தது. கட்டிப்பிடித்தபோது அவருடைய விரல்களில் நண்டு மணத்தது. கரியரைக் கழுவியவருக்கு மணக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

"தம்பி, உங்கடை கூழுக்குத்தான் என்னை விட்டவங்கள். கப்டன் ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சவன்!"

செல்வத்திடம் கேட்டது

சந்தோசம் ஒரு கிழமைதான். செல்வம் கடைக்கு வந்தபோது, பாராட்டு வாங்கும் ஆசையில் நானே பேச்சைத் தொடங்கினேன். கூழ் கப்டனுக்குப் பிடித்ததாமே, உறைப்புக் கூடவில்லையே என்று கேட்டேன். செல்வம் விளங்காமல் என்னைப் பார்த்தான். அன்றைக்கு அவன் வேறு வேலையாக வெளியே போயிருந்தானாம். கூழைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதில் என்ன போடுவீர்கள் என்று கேட்டான். சொன்னேன். நண்டு என்றதும் அவன் தேத்தண்ணிக் கிளாஸை மேசையில் வைத்துவிட்டான்.

அப்போது கூழைக் குடித்தது ஆர்? வாசல் காவல்காரனா, ஹவில்தாரா, தங்கராசா அண்ணையேதானா? கூழால் விடவில்லை என்றால் எதற்காக விட்டார்கள்? விசாரித்து முடிந்து, வயது போன மனிதர் என்று தாங்களாகவே விட்டிருக்கலாம். வேறு விதமாகவும் இருந்திருக்கலாம். அந்த வேறு விதங்களில் ஒன்றுகூட எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே அடுப்பில் நின்ற அண்ணையிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் அப்போதும் யாருக்கோ அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். செல்வம் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்பதும் தெரியாது.

"நம்ம கப்டனா? செவ்வாய்க்கிழமை ஆஞ்சநேயருக்கு விரதம், மத்த நாள்ல முட்டைகூடத் தொடமாட்டாரே அண்ணாச்சி!"

பூமணி அக்காவின் கரியர்

கடைக்குப் பின்வளவில் இருந்தவர் பூமணி அக்கா. கடைக்குத் தேங்காய் துருவித் தருபவர். ஒரேயொரு மகன், ரவி. கராச்சில் கார் திருத்தும் வேலை செய்தவன். அடுத்த சுற்றிவளைப்பில் அவனைக் கொண்டுபோனார்கள். அக்கா நேரே என்னிடம்தான் வந்தார். "தம்பி, அந்தக் கூழை ஒருக்கா வைச்சுத் தாங்கோ," என்றார். ஊர் முழுக்கத் தெரிந்த கதையல்லவா? அதைப் பாதி பேருக்குச் சொன்னவனே நான்தான்.

கப்டன் மீன், நண்டு என்று மச்சம் எதுவும் தொடமாட்டார் என்று அப்போது எனக்குத் தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம். நண்டில்லாமல் நானே சமைத்துக் கொண்டுபோயிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. சொன்னால் தங்கராசா அண்ணையின் கதை உடையும். அவர் எப்படி வெளியே வந்தார் என்று சந்தி முழுக்கக் கேட்கும். யாரையாவது காட்டிக்கொடுத்தாரோ என்று அந்த நாளில் ஒரு கேள்வி எழுந்தால் ஒரு மனிதர் உயிரோடு இருப்பதே கஷ்டம். நானே சமைத்து, ரவியை விடாவிட்டால் என் கூழின் பெயர் போகும். இதில் எது என்னைத் தடுத்தது? முதலாவதுதான் என்று சொல்லிக்கொள்ள விருப்பம். "அக்கா, நண்டு வைச்சதாலை கடைக்குச் சனம் வரேல்லை. நீங்கள் வையுங்கோ, பக்குவம் சொல்லித்தாறன்," என்றேன். ஒன்றும் விடாமல், நண்டு எப்போது போட வேண்டும் என்பது வரைக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

பத்தொன்பது நாள் கொண்டுபோனார். ஒவ்வொரு நாளும் கரியர் வெறுமையாகத் திரும்பி வந்தது. இருபதாம் நாள், ரவியைக் காங்கேசன்துறைக் காம்புக்கு மாற்றிவிட்டதாகச் சொல்லிக் கரியரை வாங்காமல் விட்டார்கள். அவன் எட்டு மாதம் கழித்து, எலும்பும் தோலுமாக வந்துசேர்ந்தான். அக்கா கொடுத்துவிட்ட கூழில் ஒரு சொட்டையும் அவன் கண்ணால் காணவில்லையாம். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த இருபதாம் நாளைப் பற்றி. நிறைந்த கரியரை என் மேசையில் வைத்துவிட்டு அக்கா கேட்டார்.

"தங்கராசாவுக்கு ஒருநாள் போதும். எனக்கு இத்தனை நாளும் காணேல்லை. என்ரை கையிலை என்ன குறை தம்பி?"

கஞ்சி வரிசை

பட்டாளம் திரும்பிப் போனது. செல்வமும் கப்டனும் எங்கே இருக்கிறார்களோ தெரியாது. ஐந்தாறு வருடம் கழித்து, சண்டைக்குப் பயந்து, எங்கள் ஊர்களிருந்த வலிகாமம் முழுதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. நாங்களும் நடந்தோம். கொடிகாமப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். இருப்பவர்களுக்கெல்லாம் கஞ்சி காய்ச்சும் வேலை இயல்பாகவே என்னிடமும் தங்கராசா அண்ணையிடமும் வந்துசேர்ந்தது. அண்ணை அகப்பையைப் பிடித்தார் என்றால் வாயும் திறக்கும். வரிசையில் நின்ற சனத்துக்குக் கூழ்க் கதையைச் சொன்னார். சொல்லிச் சொல்லிக் கப்டன் இப்போது மூன்று தரம் வாங்கிக் குடித்தார். கடைசியில் சல்யூட்டும் அடித்தார். சனம் சிரித்தது. அந்த நாட்களில் சனம் சிரிக்கிறதே பெரிய காரியம். நானும் சிரித்தேன்.

வரிசையில் பூமணி அக்கா சட்டியோடு நின்றார். அவர் சிரிக்கவில்லை. ரவி அப்போது வெளிநாட்டில். கடிதம் வந்துகொண்டுதான் இருந்தது. மகன் கிடைத்துவிட்டானே, இனி என்ன என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்த காலம் அது. தன் முறை வந்ததும் அக்கா சட்டியை நீட்டினார். நீட்டியபடியே, ஒரு பக்குவத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர் போல, சாதாரணமாகக் கேட்டார்.

"தங்கராசா, அண்டைக்குத் தம்பி கூழுக்கு எவ்வளவு புளி விட்டவர் எண்டு உமக்கு நினைவிருக்கோ? நான் கூட விட்டிட்டனோ எண்டு இண்டைக்கும் யோசிக்கிறன்."

தங்கராசா அண்ணையின் அகப்பை கிடாரத்துக்குள் நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். சந்திக் காம்பின் கப்டன் என்ன சாப்பிடுவார் என்று தெரியாமல் சமைத்து, ஆர் சாப்பிட்டார் என்று தெரியாமல் புகழ் வாங்கி, தெரிந்த ஒன்றையும் சொல்லாமல் விட்டவன் நான் என்பதுதான் என் கடைக்கார வாழ்க்கையின் கணக்கு. அக்காவின் சட்டியை வாங்கி என் கையில் வைத்துக்கொண்டு, அவருக்கும் கேட்கும்படியாகவே கேட்டேன்.

"அண்ணை, உங்களை விடுறம் எண்டு அவங்கள் சொன்னது, என்ரை கரியர் உள்ளுக்கு வர முந்தியோ, வந்தாப் பிறகோ?"